ஊர்ப் பெயரால் அறிந்தவர்கள்

திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரை ஓரெழுத்தும் விழுங்காமல் முழுசாகச் சொல்லி நான் கேட்ட முதல் குரல் ஒரு சீனப் பெண்ணுடையது. ஊர்க்காரர்களான நாங்களே அப்படிச் சொல்ல மாட்டோம். திருப்பாப்புலியூர் என்போம். பஸ் கண்டக்டர் அதையும் பாதியாக்குவார். பெய்ஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பில், நேயர் கடிதங்கள் வாசிக்கும் நேரத்தில், அந்தப் பெண் நிறுத்தி நிதானமாக ஊர்ப் பெயரைச் சொல்லி, அதன் பின்னால் என் பெயரைச் சொன்னார். அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அப்பா சத்தத்தைக் கூட்டினார். அதற்குள் அடுத்த நேயரின் ஊர் வந்துவிட்டது.

இந்தியாவும் சீனாவும் 1962இல் போரிட்டன. அடுத்த ஆண்டே, 1963 ஆகஸ்ட் 1இல், பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. அங்கே தமிழ் கற்ற சீனர்கள் கலைமகள், கலையரசி என்று பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழ் அதற்கு முன்பே, 1941 மே 3 முதல் வந்துகொண்டிருந்தது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வந்தது. மாஸ்கோ வந்தது, வத்திக்கான் வந்தது. எல்லோருக்கும் முந்தி கொழும்பு இருந்தது. அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா குரல்களைக் கடலூர்க் கரையில் அடையாளம் சொல்லத் தெரியாதவர்கள் அன்றைக்குக் கிடையாது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டேதான் தெருவில் கோலம் போடுவார்கள்.

கேட்பவர்கள் எல்லோரும் நேயர்கள் ஆகிவிடுவதில்லை. கேட்டதை எழுதி அனுப்ப வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை மீட்டரில் எடுத்தது என்று குறித்து, ஒலி எவ்வளவு பலம், பக்கத்து நிலையம் குறுக்கே வந்ததா, இரைச்சல் எவ்வளவு, அலை ஏறி இறங்கியதா, மொத்தத்தில் எப்படி என்று ஐந்து விஷயங்களுக்கு ஐந்து மதிப்பெண் போட்டு ஓர் ஐந்திலக்க எண் எழுதுவோம். 45444 என்றால் நல்ல நாள். 22222 என்றால் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்ட நாள். நிலையத்துக்கு இது உண்மையிலேயே தேவையான தகவல். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. பொழுது சாய்ந்தால் ஒரு மாதிரி, விடிந்தால் வேறு மாதிரி. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் நிலையங்கள் அலைவரிசையை மாற்றும்போது, புதிய இடத்தில் ஒலி சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்கு ஒரு செம்புக் கம்பி ஓடியது. அந்தக் கம்பியால் நான் பெய்ஜிங்குக்கு உபயோகமாக இருந்தேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அது சின்ன விஷயமில்லை. பதிலுக்கு அவர்கள் அனுப்பிய வண்ண அட்டைகளை அம்மா சுவாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

ஆனால் வானொலியில் பெயர் வருவதென்றால் பல சமயம் முகவரியும் வரும். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம். பேனா நட்பு வேண்டுபவர்கள் குறித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அப்படி வாசித்தார்கள். என் பெயர் வந்த வாரத்தில் தபால்காரர் ஒரு கட்டோடு வந்தார். "என்னம்மா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். கருங்கல், உடன்குடி, பெருந்துறை, ஆம்பூர், வால்பாறை என்று எழுதியிருந்த உறைகள். எல்லாமே ஆண்கள். பெரும்பாலும் நல்ல கடிதங்கள். எந்த செட் வைத்திருக்கிறீர்கள், 25 மீட்டரில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டவை. இரண்டில் மட்டும் புகைப்படம் கேட்டிருந்தார்கள். ஒன்றில் கேள்வியே இல்லை, கவிதை இருந்தது.

அப்பா கோபப்படவில்லை. பயந்தார். பெண்ணின் பெயரும் தெருவும் ஊர் உலகமெல்லாம் போயிருக்கிறது என்று லாரன்ஸ் ரோட்டில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தபால் வந்தால் அது வேலைக்கான கடிதமாகவோ மாமா வீட்டுக் கடிதமாகவோதான் இருக்க முடியும். மூன்றாவது வகைக்கு அங்கே இடம் கிடையாது. ரேடியோவை ஒரு மாதம் பரணில் ஏற்றிவிடலாமா என்று அம்மாவிடம் அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

பரணில் ஏறாமல் அதைக் காப்பாற்றியவர் சீர்காழி அக்கா. சீர்காழிப் பக்கத்தில் ஆசிரியை. என் பெயர் வாசித்த அன்று அவரும் கேட்டிருக்கிறார். ஒரு பெண் பெயர் முகவரியோடு போனால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். உறையில் எழுதாமல் அஞ்சலட்டையில் எழுதியிருந்தார், அதுவும் அப்பா பெயருக்கு. தான் இன்னார், இன்ன பள்ளியில் வேலை, பல வருஷமாக நேயர், உங்கள் பெண்ணின் அறிக்கை நன்றாக இருந்தது, பெண் நேயர்கள் நாங்கள் சிலர் இருக்கிறோம், பயப்பட வேண்டாம். அப்பா அந்தக் கார்டை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதன் பிறகு பரண் பேச்சு எழவில்லை.

எனக்கு அவர் கொடுத்த விதிகள் தனிக் கார்டில் வந்தன. முதல் மூன்று கடிதம் கார்டிலேயே போடு. தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எழுது. கார்டில் எழுத முடியாததை எழுத நினைக்கிறவரின் நட்பு வேண்டாம். புகைப்படம் யாருக்கும் கிடையாது. பணம் கேட்டு, டேப் கேட்டு, புத்தகம் கேட்டு எழுதினால் பதில் எழுதுமுன் எங்களுக்கு எழுது. பெண் பெயரில் வருவதெல்லாம் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. இந்த விதிகளை யாரும் அச்சடித்துத் தரவில்லை. மூன்று நான்கு பெண்கள் அவரவர் பட்ட பாட்டிலிருந்து எடுத்து ஒருவருக்கொருவர் கைமாற்றியவை. இன்றைக்கும் இதைவிடச் சரியான விதி எனக்குத் தெரியவில்லை.

நேயர் சந்திப்புகள் தனி உலகம். மன்றங்கள் என்று ஊருக்கு ஊர் இருந்தன. தலைவர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்தில் விழுப்புரம் வட்டாரம் சீன வானொலிக்குப் பேர் போனது. பெய்ஜிங் வானொலி 1993இல் சீன வானொலி நிலையம் என்று பெயர் மாறியது. அந்தச் சமயத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சந்திப்புக்குத்தான் நான் முதன்முதல் போனேன். அப்பாவும் வந்தார். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் பாசஞ்சர். நெல்லிக்குப்பம் வந்தால் சர்க்கரை ஆலை வாசனை, பண்ருட்டி வந்தால் பலாப்பழ வாசனை. வழியெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது. மூன்று நான்கு வருஷமாக எழுத்தில் பழகியவர்கள். என் அறிக்கைகளையும் என் அம்மாவின் முழங்கால் வலியையும் அறிந்தவர்கள். நான் நேரில் அவர்கள் நினைத்த மாதிரி இல்லாமல் போனால்? அவர்கள் இல்லாமல் போனால்?

மண்டப வாசலில் ஒரு மேசை. பெயரைச் சொன்னால் அட்டை ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் குத்திவிட்டார்கள். ஊர்ப் பெயர் பெரிசாக, நம் பெயர் அதன் கீழே சின்னதாக. உள்ளே ஊர்களே நடமாடிக்கொண்டிருந்தன. "ஆம்பூர் வந்தாச்சா?" "உடன்குடி சாப்பிடப் போயிருக்கு." "இதுதான் திருப்பாதிரிப்புலியூரா? இத்தினியூண்டா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே ஓர் அம்மாள் என் கையைப் பிடித்தார். அவர்தான் சீர்காழி அக்கா. ஒல்லியாக, உயரமாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். குள்ளமாக, குண்டாக, கண்ணாடி போட்டு இருந்தார். ஒரே நொடியில் பழைய உருவம் மறைந்து இவரே ஆனார்.

எங்கள் ஊரில் புது ஆளைக் கண்டால் முதல் கேள்வி எந்தத் தெரு என்பது. அந்தக் கேள்விக்குள் என்னென்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எந்த செட், எந்த மீட்டர், மழைக்காலத்தில் எப்படி எடுக்கிறது என்றுதான் கேட்டார்கள். ஒரு தறிக்காரர், ஒரு டாக்டர், ஒரு சவரத் தொழிலாளி, பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவர் எல்லோரும் ஒரே பந்தியில். மாணவர்தான் எங்கள் எல்லோரிலும் கூர்மையான காது உள்ளவர். நிலையத்தின் தொடக்க இசையை வைத்தே அன்றைய அலை நிலவரத்தைச் சொல்லிவிடுவார். அப்பா முதல் ஒரு மணி நேரம் என் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஆம்பூர்க்காரரோடு செம்புக் கம்பி பற்றிப் பேசப் போய்விட்டார். ஓர் ஆண்பிள்ளைக் கூட்டத்தில் என்னை விட்டுவிட்டு அவர் நகர்ந்தது அன்றுதான் முதல் தடவை.

எல்லாம் நல்லதாக மட்டும் இருந்ததாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். மதிய இடைவேளையில் பெண்கள் ஐந்தாறு பேர் மணமகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா தன் துணிப் பையிலிருந்து சில உறைகளை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். என்னையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒரு பெண் பெயரில் எங்களில் நால்வருக்குக் கடிதங்கள் வந்திருந்தன. உருகி உருகி எழுதியவை, தனியாகச் சந்திக்கலாமா என்று கேட்டவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 'ழ' போடும் விதம், வரி முடிவில் பேனா இழுக்கும் விதம். அதே கை வேறோர் ஆண் பெயரிலும் இரண்டு பேருக்கு எழுதியிருந்தது. அந்த ஆள் வெளியே மண்டபத்தில்தான் இருந்தார். அக்கா எழுந்து போய் மன்றத் தலைவர் முன்னிலையில் அவரிடம் ஐந்து நிமிஷம் பேசினார். குரல் உயரவில்லை. அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். எங்களில் யாருடைய பெயரும் வெளியே வரவில்லை. யார் வீட்டிலும் ரேடியோ பரணுக்குப் போகவில்லை. அப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

அறிவியல் கதை ரசிகர்களைப் பற்றிப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தபோது அந்த அறைதான் என் கண்ணில் வந்தது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் முதலில் ரேடியோ இதழ்கள் நடத்தியவர். 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் கதை இதழைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் எழுதினவர்களே 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாட்டைக் கூட்டினார்கள். எழுத்தில் முளைத்த சண்டை அங்கே நேரில் வந்து, ஆறு பேரை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தினார்கள். தபாலில் தொடங்கும் நட்புக்கு எல்லா ஊரிலும் இதே ஆசை, இதே ஆபத்து.

என் மகள் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்த சென்னையின் முதல் காமிக் கானுக்குப் போனாள். ஒரு ஜப்பானியக் கதைப் பாத்திரமாக உடை தைத்துப் போட்டுக்கொண்டு, செல்போனில் மட்டுமே அறிந்த தோழிகளைச் சந்திக்க. யாரோடு போகிறாய், திரும்ப எப்படி வருவாய் என்று நான் கேட்ட கேள்விகளில் அப்பாவின் குரல் இருந்ததை நானே கேட்டேன். இப்போது இதற்கெல்லாம் வெளிப்படையான ஏற்பாடுகள் உண்டு. நியூயார்க் காமிக் கானில் 2014 முதலே பலகை வைத்தார்கள்: வேடமிட்டு வந்திருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது. அந்தப் பலகை எங்கள் காலத்தில் கிடையாது, மணமகள் அறைதான் இருந்தது. பலகை நல்லது, எல்லா இடத்திலும் வேண்டும். ஆனாலும் மகளிடம் அவள் கூட்டத்தில் ஒரு சீர்காழி அக்கா இருக்கிறாரா என்று கேட்டேன். "இருக்காங்கம்மா, பேர்தான் வேற" என்றாள். எனக்கு மனசு ஆறியது.

கல்யாணம் ஆகி நான் அம்பத்தூர் வந்தேன். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். மாடி எங்களுடையது இல்லை, கம்பி கட்ட வழியில்லை. சுற்றிலும் தொழிற்சாலை மின்சாரத்தின் இரைச்சல். இரண்டு அறிக்கை எழுதினேன், 11111 என்று போட வேண்டியிருந்தது. நின்றுபோனதற்குக் காரணம் இரைச்சல் மட்டுமில்லை. நேயருக்கு ஊர்தான் முதல் பெயர். கடிதத்தின் கீழே அம்பத்தூர் என்று எழுதிப் பார்த்தபோது அது வேறு யாரோ எழுதிய மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு என்னை எல்லோரும் யாருடைய மனைவி, யாருடைய அம்மா, எந்த ஃப்ளாட் என்று அறிந்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் ஏங்குவது அந்த அட்டைக்காகத்தான். மேலே பெரிசாக என் ஊர், கீழே சின்னதாக நான். பாடலீஸ்வரர் கோயில், கெடிலத்து மணல், கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய கதை, எல்லாவற்றையும் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு மண்டபத்துக்குள் நடந்ததுக்காக. முன்பின் தெரியாதவர்கள் நடுவே போய் நிற்கும் அந்த வயிற்றுக் கலக்கத்துக்காகவும்தான்.

இன்னொரு ஏக்கமும் உண்டு, அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். கொழும்பு வானொலி மூலம் கிடைத்த யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி. என் வயது. மூன்று கார்டு விதியைத் தாண்டி உறைக்குப் போன முதல் நட்பு அவளுடையது. அவள் ஆச்சிக்குச் சிதம்பரம் பார்க்காமல் கண் மூடக் கூடாது என்று ஆசை. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் எப்படிப்பட்ட ஊர் என்பது எங்கள் பக்கத்தில் தெரிந்ததுதான். ஆறுமுக நாவலர் 1864இலேயே அங்கே வந்து சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். ஒரு மார்கழித் திருவாதிரைக்கு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வருவாள், நான் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிப் போய்ச் சந்திப்பது என்று எழுத்தில் முடிவாகியிருந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. அவள் கடிதம் அதற்குப் பிறகு வரவில்லை. நான் எழுதியவை போய்ச் சேர்ந்தனவா என்றும் தெரியாது.

அன்றிலிருந்து இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி.யின் லண்டன் தமிழோசையை நான் வேறு விதமாகக் கேட்டேன். இசையோ இலக்கியமோ எனக்கு வேண்டியிருக்கவில்லை. செய்தியில் அவள் ஊர்ப் பெயர் வந்துவிடக் கூடாது என்று கேட்டேன். சில இரவுகள் வந்தது. அறிவிப்பாளர் எண்ணிக்கை சொல்வார், பெயர்கள் சொல்ல மாட்டார். 2009 மேயில் போர் முடியும் வரை தமிழோசை அப்படித்தான் பல வீடுகளில் ஒலித்தது. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. அடுத்த ஆண்டு வேரித்தாஸ் சிற்றலையிலிருந்து விலகியது. தமிழோசை நின்ற அன்று சீர்காழி அக்கா போன் செய்தார். இருவரும் நிலையத்தைப் பற்றிப் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றித்தான் பேசினோம்.

அக்காவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. கேட்கும் கருவி வைத்திருக்கிறார். அதற்கும் ஐந்திலக்க அறிக்கை சொல்கிறார். பார்வையற்ற மாணவர் வங்கி வேலையில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டார். ஆம்பூர்க்காரர் தவறிவிட்டார், என் அப்பாவும். இந்த மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் மிச்சமிருக்கும் சிலர் சேரலாம் என்று பேசியிருக்கிறோம். மண்டபம் வேண்டாம், கீழ வீதியில் தேர் பார்க்க நிற்போம், நாவலர் பள்ளியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் யாத்திரைக் கூட்டங்களில் என் வயதுப் பெண்களிடம் போய் விசாரிப்பேன் என்று சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடமா என்று மகள் கேட்டாள். ஆமாம், தெரியாதவர்களிடம்தான்.

நான் அம்பத்தூரிலிருந்து நேரே வராமல், முந்தின நாளே திருப்பாதிரிப்புலியூர் போய்த் தங்கி அங்கிருந்துதான் ரயிலேறப் போகிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம். அட்டையெல்லாம் அவரே எழுதிக் கொண்டுவருகிறாராம். போனை வைக்குமுன் பழைய ஆசிரியைக் குரலில் ஒன்று சொன்னார்:

"வீடு போய்ச் சேந்ததும் கார்டு போடணும். போன்ல சொன்னா கணக்குல வராது."